நாற்பதுக்குப் பின் மிதிவண்டி: வேலைக்குச் செல்லும் வழியே மருந்தாகுமா?

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், உடற்பருமன் ஆகியவற்றுக்காக எங்களிடம் வரும் நடுவயதினரிடம் உடற்பயிற்சி பற்றிக் கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது: "நேரம் இல்லை, டாக்டர்." இதை நாங்கள் சாக்காகக் கருதுவதில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல், முதிய பெற்றோரைக் கவனித்தல், அலுவலகம், மாலையில் கடைத்தெரு என்று பொழுது முழுவதும் பங்கிடப்பட்டுவிட்ட ஒருவருக்குத் தனியே ஒரு மணி நேரம் வாய்ப்பது அரிது. எனினும் வேலைக்குச் சென்று திரும்பும் நேரம் அவருடைய நாளில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த நேரத்தையே பயிற்சியாக மாற்றும் வழியையும், அதில் கொள்ள வேண்டிய எச்சரிக்கையையும் இங்கே விளக்குகிறோம்.

புதுச்சேரி இதற்கு ஏற்ற ஊர். நிலம் பெரும்பாலும் சமதளம்; தொலைவும் குறைவு. முத்தியால்பேட்டையிலிருந்தோ முதலியார்பேட்டையிலிருந்தோ நேரு வீதிக்கு வர இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான். லாஸ்பேட்டை, அரியாங்குப்பம் போன்ற இடங்களிலிருந்து கடற்கரைச் சாலைக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் இருக்கும். அவசரமின்றி மிதித்தால் ஐந்து கிலோமீட்டரை 20 முதல் 25 நிமிடங்களில் கடக்கலாம். போக வர 40 முதல் 50 நிமிடங்கள். வாரத்தில் நான்கு நாட்கள் சென்றால் 160 முதல் 200 நிமிடங்கள் ஆகின்றன. பெரியவர்களுக்கு வாரந்தோறும் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. வேறு பயிற்சி எதுவும் செய்யாமலேயே அந்த அளவை எட்டிவிடலாம்.

சான்று என்ன?

வேலையோடு இணைந்த உடலுழைப்பு இதயத்தைக் காக்கும் என்பது இன்று நேற்று அறிந்ததன்று. இலண்டன் நகரின் இரட்டைத் தளப் பேருந்துகளில் பணிபுரிந்தவர்களை ஆராய்ந்த ஜெரி மோரிஸ் குழுவினர், நாள் முழுவதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயத் தமனி நோய் குறைவாக ஏற்பட்டதை 1953-இல் வெளியிட்டனர். பிரிட்டனில் சராசரியாக 52 வயதுடைய இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2017-இல் வெளியான ஆய்வொன்றில், மிதிவண்டியில் வேலைக்குச் சென்றவர்களிடையே இறப்பு விகிதம் 41 விழுக்காடு குறைவாக இருந்தது.

இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை முழுமையாக நிறுவாது. மிதிவண்டியைத் தேர்ந்தவர்கள் பிற பழக்கங்களிலும் நலமுடையோராக இருந்திருக்கலாம். ஆய்வாளர்கள் இயன்றவரை அவ்வேறுபாடுகளைக் கணக்கிற் கொண்டனர். ஆகவே 41 என்னும் எண்ணை உறுதிமொழியாகக் கொள்ளாமல், நல்ல திசையைக் காட்டும் குறியாகக் கொள்வதே முறை.

முதலில் மருத்துவரைக் காண வேண்டியவர்கள்

நோய் ஏதுமின்றி அன்றாடம் நடமாடுபவர் மெதுவாகத் தொடங்கலாம். கீழ்க்கண்டோர் மட்டும் தம் மருத்துவரிடம் பேசிய பின்னரே தொடங்க வேண்டும்:

- மாரடைப்பு, ஸ்டென்ட் சிகிச்சை, இதய அறுவை, பக்கவாதம் ஆகியவற்றுக்கு உள்ளானவர்கள்.
- நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சில் இறுக்கமோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ உடையவர்கள்.
- இரத்த அழுத்தம் 180/110 அளவிலோ அதற்கு மேலோ இருப்பவர்கள்.
- நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டு இரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்கள். பாதங்களில் உணர்ச்சி குன்றியவர்கள்.
- வலிப்பு, அடிக்கடி தலைச்சுற்றல் உடையவர்கள்.
- இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்பவர்கள். சிறு வீழ்ச்சியும் இவர்களுக்குப் பெரிய இரத்தக்கசிவாகக்கூடும். தலைக்கவசமின்றி இவர்கள் வண்டி ஏறலாகாது.

மூட்டுத் தேய்மானம் உடையவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. உடல் எடையின் பெரும்பகுதியை இருக்கை தாங்குவதால், நடப்பதைவிட மிதிப்பது பலருக்கு எளிதாகவே இருக்கும்.

வண்டியைச் சீர்செய்தல்

விலையுயர்ந்த கியர் வண்டி தேவையில்லை. மட்கார்டும் செயின் கவரும் கேரியரும் உடைய சாதாரண வண்டி இவ்வூருக்குப் போதும். கவனிக்க வேண்டியது இருக்கையின் உயரம். மிதியைக் கீழ்நிலைக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். அப்போது முழங்கால் நேராக நீள வேண்டும். பின்னர் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். அதுவே சரியான நிலை. இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறத்திலும், மிக உயர்ந்திருந்தால் பின்புறத்திலும் வலி தோன்றும். "சைக்கிள் ஓட்டினால் முட்டி வலிக்கிறது" என்று கைவிட்டோர் பலருக்கு, பஞ்சர் கடையில் ஒரு ஸ்பேனரால் முடியும் வேலைதான் தீர்வு.

ஆண்டுகள் பல கழித்து ஏறினாலும் சமநிலை மறந்துபோவதில்லை. ஆனால் கண்ணும் கழுத்தும் இருபது வயதில் இருந்தவையல்ல. இரு பார்வைக் கண்ணாடி அணிவோருக்கு, கீழ்ப்பகுதியின் வழியே நோக்கும்போது சாலைக் குழி மங்கலாகத் தெரியும். ஓட்டும்போது தூரப்பார்வைக் கண்ணாடி அணிவது நன்று. கழுத்துத் தேய்மானத்தால் திரும்பிப் பார்க்க இயலாதவர்கள் ஹேண்டில்பாரில் சிறு கண்ணாடியைப் பொருத்திக்கொள்ளலாம். சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்திலோ செயினிலோ சிக்காதபடி இடுப்பில் செருகப்பட வேண்டும்.

இதுவரை ஓட்டியே அறியாதவர்களும் தயங்க வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டது. பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் வளர்ந்த பின்னரே ஓட்டக் கற்றனர்.

முதல் எட்டு வாரங்கள்

மருந்தை நாங்கள் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல உயர்த்துவது போலவே இதையும் உயர்த்த வேண்டும்.

முதல் வாரம்: அலுவலகத்துக்குச் செல்ல வேண்டாம். விடுமுறை நாளின் அதிகாலையில் 15 நிமிடம் ஓட்டுங்கள். மறுமுறை அலுவலகம் வரை சென்று திரும்பி, ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, மூன்றாம் வாரங்கள்: வாரத்தில் இரண்டு நாட்கள். இரண்டுக்கும் இடையில் ஓய்வு நாள் இருக்கட்டும். தொடை வலியும் இருக்கை உறுத்தலும் இயல்பு. இரண்டு வாரங்களில் தணியும்.

நான்கு முதல் ஆறாம் வாரம் வரை: மூன்று நாட்கள்.

அதன் பின்: நான்கு அல்லது ஐந்து நாட்கள்.

வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். மிதித்துக்கொண்டே பேச முடிய வேண்டும். பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கலாம். இதுவே மிதமான உழைப்பு. அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற மருந்துகள் நாடித்துடிப்பை உயரவிடாமல் தடுப்பதால், அவற்றை உட்கொள்வோர் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பாமல் இப்பேச்சுச் சோதனையையே பின்பற்ற வேண்டும்.

எங்களுள் சிலரும் நாற்பதைக் கடந்த பின்னரே இப்பழக்கத்தை மேற்கொண்டோம். பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புவதும், மாற்றுச் சட்டையையும் சிறு துண்டையும் பையில் வைப்பதும், சென்று சேர்ந்ததும் மின்விசிறியின் கீழ் ஐந்து நிமிடம் அமர்வதும் வியர்வைச் சிக்கலைத் தீர்த்துவிடுகின்றன. "என்ன சார், வண்டியை வித்துட்டீங்களா?" என்னும் கேலி ஒரு மாதம் நீடிக்கும், பிறகு கேட்பவர்களே இருக்கையின் உயரத்தைப் பற்றி விசாரிப்பார்கள்.

ஊரும் பருவமும்

நூறடிச் சாலையும் மறைமலையடிகள் சாலையும் நெரிசல் மிக்கவை. சற்றுச் சுற்றாயினும் உட்புற வீதிகளைத் தேர்வது நல்லது. பழைய நகரின் வீதிகள் நேர்கோட்டில் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால் சில நிமிடங்களுக்குள் பல குறுக்குச் சந்திப்புகளைக் கடக்க நேரும். ஒவ்வொன்றிலும் வேகத்தைக் குறையுங்கள். நிறுத்தப்பட்ட கார்களின் கதவு திடீரெனத் திறக்கக்கூடும். ஒரு கதவின் அகலம் விலகியே செல்லுங்கள். ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் செல்லாதீர்கள். இருட்டியபின் முன்விளக்கும் பின்புறச் சிவப்பு விளக்கும் கட்டாயம்.

கத்திரி வெயில் நாட்களில் காலைப் பயணத்தை முன்னதாகவே முடித்துக்கொள்ளுங்கள். சிறுநீர் பெருக்கும் மாத்திரை உட்கொள்வோர் வெயிலில் எளிதில் நீரிழப்புக்கும் மயக்கத்துக்கும் ஆளாவர். தண்ணீரின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். வடகிழக்குப் பருவமழையின்போது நீர் தேங்கிய சாலையில் குழியும் திறந்த வடிகாலும் தெரியா. அந்நாட்களில் பேருந்தில் செல்வது தோல்வியன்று.

சர்க்கரை குறையும் அபாயம்

இன்சுலின் போட்டுக்கொள்வோருக்கும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் மிதிக்கும்போதோ, சில மணி நேரம் கழித்தோ சர்க்கரை தாழக்கூடும். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோருக்கு இந்த அபாயம் மிகக் குறைவு. முதல் சில வாரங்களில் புறப்படுமுன் சோதித்துப் பாருங்கள். 100-க்குக் கீழ் இருந்தால் ஏதேனும் உண்ட பின்னரே கிளம்புங்கள். காலை உணவைத் தவிர்த்துவிட்டு ஓட்டலாகாது. தொடையில் இன்சுலின் போட்டு உடனே மிதித்தால் அது விரைந்து உறிஞ்சப்படும். வயிற்றில் போடுவது மேல்.

கைநடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் தோன்றினால் வண்டியை நிறுத்தி, மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ உட்கொண்டு 15 நிமிடம் காத்திருங்கள். குறையவில்லையெனில் மீண்டும் உட்கொள்ளுங்கள். "இன்னும் இரண்டு தெருதானே" என்று தொடர்வது ஆபத்து. வீடு திரும்பியதும் பாதங்களைப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். மூடிய காலணியே அணியுங்கள்.

மேம்பாலத்தில் தோன்றும் இறுக்கம்

இக்கட்டுரையில் ஒன்றை மட்டுமே நினைவில் கொள்ள இயலுமாயின், அது இப்பகுதியாக இருக்கட்டும்.

நம் ஊர் சமதளமாயினும் நூறடிச் சாலை மேம்பாலம், அரும்பார்த்தபுரம் மேம்பாலம், கோரிமேட்டுக்கு ஏறும் சாலை ஆகியவை மேடானவை. அங்கே ஏறும்போது இதயம் கூடுதலாக உழைக்கிறது. தமனியில் அடைப்பு இருந்தால், சமதளத்தில் தெரியாதது அங்கே தெரியவரும். நெஞ்சின் நடுவே இறுக்கமோ பாரமோ தோன்றலாம். இடது தோள், கை, தாடை, மேல்வயிறு ஆகியவற்றுக்கு அது பரவலாம். உச்சியைக் கடந்து இறங்கும்போது இரண்டு, மூன்று நிமிடங்களில் அது மறைந்துவிடும். மறைந்துவிடுவதாலேயே பலர் அதை வாயுத்தொல்லை என்று எண்ணி, சோடா குடித்துவிட்டு மறுநாளும் ஏறுகின்றனர்.

உழைக்கும்போது வந்து, ஓய்ந்தால் மறையும் வலி இதயத்தினுடையதாக இருக்க வாய்ப்பு மிகுதி. நீரிழிவு உடையவர்களுக்கு வலியே இல்லாமல், மூச்சிறைப்பும் வியர்வையும் மட்டுமே தோன்றலாம். ஒருமுறை தோன்றினாலும் அன்றோடு மிதிப்பதை நிறுத்தி, மருத்துவரிடம் வந்து ஈசிஜி முதலிய சோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். ஓய்ந்த பின்னும் நீங்காவிட்டாலோ, மயக்கமோ குளிர்ந்த வியர்வையோ சேர்ந்தாலோ வண்டியை ஓரமாக விட்டு 108-ஐ அழையுங்கள். ஓட்டிக்கொண்டே மருத்துவமனைக்கு வர முயலாதீர்கள்.

இந்த எச்சரிக்கை உங்களை அச்சுறுத்துவதற்கன்று. மாரடைப்புக்கு முன்னதாக வரும் இக்குறியைக் கேட்டு நடந்தவருக்குச் சிகிச்சை அளிக்கவும், மீண்டும் அவரை வண்டியில் ஏற்றவும் பெரும்பாலும் இயலும்.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

- செல்லும் வழியையும் வழக்கமான நேரத்தையும் அறிந்து வைத்திருங்கள்.
- நோய்கள், மருந்துகள், உங்கள் தொலைபேசி எண் எழுதிய அட்டையையும் குளுக்கோஸ் பொட்டலத்தையும் பையில் வையுங்கள்.
- "இந்த வயதில் எதற்கு?" என்று தடுப்பதும், "ஏன் இன்று போகவில்லை?" என்று நெருக்குவதும் வேண்டா. வலியை மறைக்காமல் சொல்லும் சூழல் வீட்டில் இருப்பதே பெரிய பாதுகாப்பு.

எதை எதிர்பார்க்கலாம்?

எடை விரைந்து குறையாது. அதனால் சோர்ந்து விடாதீர்கள். தொடர்ந்த உடற்பயிற்சியால் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 5 முதல் 8 வரை தாழக்கூடும். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி அளவும் சற்றுக் குறையக்கூடும். எண்கள் நன்றாக இருக்கின்றன என்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள். குறைக்க வேண்டிய தேவை எழுந்தால் நாங்களே குறைப்போம்.

மூன்று மாதங்கள் கழித்துப் பரிசோதனைக்கு வரும்போது, ஓட்டிய நாட்கள், புறப்படுமுன் பார்த்த சர்க்கரை அளவு, வழியில் நேர்ந்த தொல்லை ஆகியவற்றைக் குறித்த ஒரு தாளைக் கொண்டு வாருங்கள். மருந்தின் அளவைத் தீர்மானிக்க ஆய்வுக்கூட முடிவுகளைப் போலவே அந்தத் தாளும் எங்களுக்குப் பயன்படும்.