கோச்சடை வீடுகளில் இணைய வேகம் குறையும்போது

வைகையை ஒட்டிய கோச்சடையின் மாடி வீடுகளில் இணையம் மந்தமானால், பழுது வெளியிலிருந்து வரும் கண்ணாடி இழைக் கம்பியிலா, வீட்டுக்குள் இணையத்தை வானலையாய்ப் பரப்பும் வைஃபையிலா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். பிற கருவிகளை நிறுத்திவிட்டு, மடிக்கணினியை லேன் கேபிளால் ரவுட்டருடன் நேரடியாக இணைத்து வேகத்தை அளப்பதே நம்பகமான வழி. கேபிளில் முழு வேகம் கிடைத்தால் குறை வைஃபையினுடையது: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைக் கடந்து செல்லுமெனினும் அண்டை வீட்டு ரவுட்டர்களின் அலைகளோடு நெரிசலுறும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானதாயினும் கான்கிரீட் தளத்தில் வலுவிழக்கும் என்பதால், ரவுட்டரை இரும்பு பீரோவின் அருகிலிருந்து அகற்றி, வீட்டின் நடுவே சற்று உயரத்தில் வைப்பது நன்று. 100 மெகாபிட் திட்டத்தில் பதிவிறக்கம் நொடிக்குச் சுமார் 12 மெகாபைட் என்றே காட்டும். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் ஆதலால் இது பழுதன்று. கேபிளிலும் வேகம் குறைந்தால், அளவுகளை நேரத்துடன் குறித்து, இணையச் சேவை நிறுவனத்திடம் புகார் செய்து, புகார் எண் பெற வேண்டும். தீர்வு வராவிடில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியை நாடலாம்.