ஆறிய புண்ணும் ஆறாத சந்தேகமும்

கேள்வி: ஒன்றரை மாதத்துக்கு முன் ஆணுறுப்பில் சிறு புண் வந்தது. வலி இல்லை. மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டேன், ஆறிவிட்டது. இனி பயமில்லைதானே? டாக்டரிடம் எப்படிப் பேசுவதென்றும் தெரியவில்லை.

பதில்: வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலையே அதுதான். பால்வினை நோய்களில் ஹெர்பிஸ் புண் பெரும்பாலும் வலிக்கும், எரியும். சிஃபிலிஸ் புண் பொதுவாக வலிக்காது. 3 முதல் 6 வாரங்களில் மருந்தே போடாமலும் ஆறிவிடும். கிருமி மட்டும் உடலில் தங்கிவிடும். பிறகு உள்ளங்கை, உள்ளங்காலில்கூடத் தடிப்புகள் வரலாம். அவையும் தானே மறையும். சிகிச்சை இல்லாவிட்டால், பல ஆண்டுகள் கழித்து இதயத்தையும் மூளையையும் பாதிக்கக்கூடும்.

உங்களுக்கு வந்தது அதுதானா என்று கடிதத்தைப் படித்துச் சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனை வேண்டும்; எச்.ஐ.வி. பரிசோதனையும் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்தால் முதலில் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், கட்டணமில்லை.

டாக்டரிடம் சுற்றி வளைக்க வேண்டாம். “பாதுகாப்பில்லாத உறவுக்குப் பின் இங்கே வலியில்லாத புண் வந்தது, இத்தனை நாள் இருந்தது” என்றால் போதும். கடைசி உறவு எப்போது, பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்பதையும் சொல்லுங்கள். ஆரம்ப நிலை சிஃபிலிஸுக்குப் பெரும்பாலும் ஒரே தடவை போடும் பென்சிலின் ஊசியே போதும்.

சிஃபிலிஸ் என்று உறுதியானால் துணைவிக்கும் பரிசோதனை தேவை. அவர் கர்ப்பமாக இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். வயிற்றிலுள்ள குழந்தைக்கும் தொற்றும். முடிவு தெரியும்வரை உடலுறவு வேண்டாம்.