ஆறு கம்பிகளும் ஒரு கையெழுத்தும்

மும்பையில் மாதுங்காவை அடுத்த கிங்ஸ் சர்க்கிள் பக்கம் சண்முகானந்தா அரங்கம் இருக்கிறது. வீணை, வயலின், மிருதங்கம் எல்லாம் அங்கே கேட்கலாம். செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சபா இருக்கிறது. தாராவியில் கோயில் கொடை வந்தால் மேளச் சத்தம் தெருவை நிறைக்கும். இவை எல்லாம் நமக்குப் பழகிய இசை.

கித்தாரும் நமக்குப் புதியது அல்ல. சினிமாப் பாட்டில் தினமும் கேட்கிறோம். பாடியவர் பெயர் நமக்குத் தெரியும். பாட்டு எழுதியவர் பெயர் தெரியும். இசை அமைத்தவர் பெயரும் தெரியும். கித்தார் வாசித்தவர் யார்? அது தெரியாது. பழைய இசைத்தட்டின் உறையைத் திருப்பிப் பார்த்தாலும் அந்தப் பெயர் பெரும்பாலும் இருக்காது. அவர் ஸ்டுடியோவுக்கு வந்தார். வாசித்தார். அன்றைய சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பாட்டு முப்பது வருடம் ஓடினாலும் அவருக்கு வேறு பணம் வராது.

இளையராஜாவும் ஒரு காலத்தில் இப்படி வாசித்தவர்தான். 1976இல் அன்னக்கிளி படம் வருவதற்கு முன்பு அவர் வேறு இசையமைப்பாளர்களின் குழுவில் கித்தார் வாசித்தார்.

மற்றவர்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த ஒரு கலைஞர் தன் சொந்த இசையைத் தானே செய்து வெளியிட முடியுமா? மும்பையில் ஒருவர் அப்படிச் செய்தார். அவர் பெயர் வாரன் மெண்டோன்சா.

கருப்புக் கித்தார்

வாரன் இசைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். சங்கர், எஹ்சான், லாய் என்று மூன்று பேர் சேர்ந்து இந்திப் படங்களுக்கு இசை அமைக்கிறார்கள் அல்லவா? அவர்களில் லாய் மெண்டோன்சா இவருடைய உறவினர். அவர்களுடைய பாட்டுகளுக்கு வாரன் கித்தார் வாசித்திருக்கிறார். ஜீரோ என்ற மும்பை ராக் குழுவிலும் இருந்தார்.

ராக் என்பது மேல்நாட்டு இசையில் ஒரு வகை. டிரம் தாளம் பலமாக இருக்கும். மின்சாரக் கித்தார் முன்னால் நிற்கும். ஆனால் படத்துக்கு வாசிப்பவருக்கு ராக் மட்டும் தெரிந்தால் போதாது. காலையில் ஒரு காதல் பாட்டு இருக்கும். பிற்பகலில் ஒரு குத்துப் பாட்டு இருக்கும். மாலையில் ஒரு விளம்பரம் இருக்கும். எதைக் கொடுத்தாலும் வாசிக்க வேண்டும். வாரனுக்கு அது வரும்.

பிறகு அவர் சில காலம் நியூசிலாந்து நாட்டில் வாழ்ந்தார். அந்தக் காலத்தில்தான் தன் தனி இசையைத் தொடங்கினார். அதற்குப் பிளாக்ஸ்ட்ராட்புளூஸ் என்று பெயர் வைத்தார். பெயர் நீளமானது. பிரித்துப் பார்த்தால் எளிது.

பிளாக் என்றால் கருப்பு. ஸ்ட்ராட் என்பது ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற கித்தாரின் செல்லப்பெயர். அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் 1954இல் அதைக் கொண்டுவந்தார். அவர் ரேடியோ ரிப்பேர் செய்து வந்தவர். அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது! புளூஸ் என்பது அமெரிக்காவின் கறுப்பின மக்களுடைய பாட்டு. அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பருத்திக்காட்டு ஊர்களில் பாடியது. துக்கமும் இருக்கும், கிண்டலும் இருக்கும். நம் ஊர் நடவுப் பாட்டைக் கேட்டவர்களுக்கு அது சட்டென்று புரியும்.

வாரனின் இசையில் பெரும்பாலும் வார்த்தைகளே இல்லை. கித்தார்தான் பாடுகிறது. 2014, 2017, 2020 ஆகிய ஆண்டுகளிலும் அவருடைய தொகுப்புகள் வந்தன. பெரிய இசைக் கம்பெனி எதுவும் பின்னால் நிற்கவில்லை. ஒரு சினிமா நடிகரின் முகமும் அட்டையில் இல்லை. இந்தியாவில் பாட்டு என்றாலே சினிமாதான். இந்த நாட்டில் சொல் இல்லாத இசையைத் தனியாக வெளியிடுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

கித்தார் எப்படிச் சத்தம் போடுகிறது?

சாதாரணக் கித்தாரின் வயிறு வெறும் கூடு. கம்பியைத் தட்டினால் கூட்டுக்குள் இருக்கும் காற்று அதிரும். சத்தம் பெரிதாகும். வீணையின் குடமும் இப்படித்தான்.

மின்சாரக் கித்தாரில் பெரும்பாலும் கூடு இல்லை. அது ஒரு கட்டை. ஆறு கம்பிகளுக்கு அடியில் சிறிய காந்தங்கள் இருக்கும். காந்தத்தைச் சுற்றி மிக மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். மேலே இரும்புக் கம்பி அதிரும்போது செம்புச் சுருளில் கொஞ்சம் மின்சாரம் பிறக்கும். அந்த மின்சாரம் பெட்டிக்குப் போய்ப் பெரிய சத்தமாக வெளியே வரும். அதனால் நைலான் நரம்பை மாட்டினால் இந்தக் கித்தார் ஊமை. சைக்கிள் டைனமோவிலும் காந்தமும் சுருளும்தான் வேலை செய்கின்றன.

ஒரே ஆள், எட்டுக் கித்தார்

முன்பு ஒரு பாட்டைப் பதிவு செய்ய எல்லோரும் ஒரே அறையில் உட்கார வேண்டும். ஐம்பது பேர் வாசிக்கும்போது ஒருவர் தப்பு செய்தால் ஐம்பது பேரும் மறுபடி வாசிக்க வேண்டும். அத்தனை பேருக்கும் சம்பளம், ஸ்டுடியோ வாடகை, சாப்பாடு! பணக்கார முதலாளி இல்லாமல் இது நடக்காது.

அமெரிக்காவில் லெஸ் பால் என்ற கித்தார் கலைஞர் ஒரு வழி கண்டுபிடித்தார். தன் வீட்டுக் கார் கொட்டகையில் கருவிகளை வைத்துக்கொண்டார். முதலில் ஒரு கித்தாரை வாசித்து இசைத்தட்டில் பதிந்தார். அதை ஓடவிட்டு, கூடவே இரண்டாவது கித்தாரை வாசித்தார். இரண்டையும் சேர்த்து இன்னொரு தட்டில் பதிந்தார். இப்படி எட்டுக் கித்தார்கள். எட்டும் அவரே! ஏழாவது தடவை தப்பு வந்தால் அந்தத் தட்டு வீணாகும். அந்தப் பாட்டு 1948இல் வெளிவந்தது.

இன்று அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. தாளத்தை முதலில் பதியலாம். கித்தாரை நாளைக்குப் பதியலாம். தப்பு வந்த இடத்தை மட்டும் மாற்றலாம். ஒரு சிறிய அறை போதும். ஆனால் மழைக்காலத்தில் தகரக் கூரை சடசடக்கும் வீட்டில் பதிவது கஷ்டம்தான். ஓட்டத்தில் இருக்கும் மின்ரயிலும் சும்மா விடாது.

பதிவு மலிவாகிவிட்டது. வருமானம்? அதுதான் பெரிய பாடு. இணையத்தில் ஒருவர் ஒரு தடவை பாட்டைக் கேட்டால் கலைஞருக்கு மிகச் சிறிய காசுதான் வரும். அதனால் தனியாக இசை செய்பவர்கள் மேடையில் வாசிக்கிறார்கள். படத்துக்கு வாசிக்கிறார்கள். மற்றவர்களின் பாட்டைப் பதிவு செய்து கொடுக்கிறார்கள். வாரனும் மற்றக் குழுக்களுக்குப் பதிவு வேலை செய்திருக்கிறார். பல வேலை தெரிந்தவருக்கே தனி வழி சாத்தியம்.

பாட்டு யாருடைய சொத்து?

தானே செய்வதில் ஒரு பெரிய லாபம் உண்டு. இசை அவருடைய சொத்தாகவே இருக்கும். இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இதைப் பற்றிப் பேசுகிறது. பாட்டை உருவாக்கியவர் உயிரோடு இருக்கும்வரை அது காக்கப்படும். அவர் இறந்த பிறகும் 60 ஆண்டு காக்கப்படும். பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு.

ஆனால் உரிமையை எழுதிக் கொடுத்துவிடலாம். வாயால் கொடுத்தால் செல்லாது. எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். சிக்கல் வருவதும் அந்தக் கையெழுத்தில்தான். ஒரு தாளை இப்படி நீட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்:

"இந்தப் பாட்டின் எல்லா உரிமைகளையும், எல்லாக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும், மொத்தமாக ரூ.10,000 பெற்றுக்கொண்டு எழுதிக் கொடுக்கிறேன்."

பத்தாயிரம் ரூபாய் கண்ணுக்குத் தெரியும். "எல்லா", "எல்லாக் காலத்துக்கும்", "உலகம் முழுவதற்கும்" என்ற சொற்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மெதுவாகப் படிக்க வேண்டிய சொற்கள் அவைதான்.

எந்தக் காலம் என்று தாளில் எழுதவில்லை என்றால், ஐந்து ஆண்டுக்குத்தான் கொடுத்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. எந்த இடம் என்று எழுதவில்லை என்றால், இந்தியாவுக்குள் மட்டும்தான்.

2012இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன் பிறகு பாட்டு எழுதியவரும் இசை அமைத்தவரும் தங்கள் பங்குத் தொகையைக் கம்பெனிக்கு விட்டுக் கொடுத்தாலும் அது செல்லாது. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் கூடப் பங்கு கேட்கும் உரிமை உண்டு. ஓட்டலில், வானொலியில், அரங்கத்தில் பாட்டை ஒலிக்கவிட்டால் கட்டணம் வசூலிக்க ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. 1969இல் தொடங்கியது. பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் அதில் உறுப்பினர் ஆகலாம்.

சட்டம் வந்தால் சண்டை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். இளையராஜாவின் பாட்டுகள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்குகள் பல ஆண்டுகளாக நடந்து வந்தன. அத்தனை பெரிய பெயருக்கே அந்த நிலை.

தாராவி இளைஞர்கள் கித்தார் இல்லாமலும் இந்த வழியில் இறங்கினார்கள். டோப்பாடெலிக்ஸ் என்ற குழு தாராவியில் உருவானது. தமிழும் இந்தியும் ஆங்கிலமும் கலந்து, தாளத்தோடு வேகமாகச் சொல்லும் ராப் பாட்டுகளைச் செய்தார்கள். தங்கள் தெருவைப் பற்றியும் போலீஸ் கெடுபிடி பற்றியும் பாடினார்கள். 2018இல் வந்த காலா படத்தில் அவர்களுடைய குரல் இருக்கிறது. அந்தப் படத்தின் கதையும் தாராவியில் நடப்பதுதான்.

படித்தபின் பேசுங்கள்

"என் பாட்டின் உரிமையை ரூ.5,000 பெற்றுக்கொண்டு எழுதிக் கொடுக்கிறேன்" என்று ஒருவர் கையெழுத்துப் போட்டார். தாளில் காலமும் இல்லை, இடமும் இல்லை. ஆறாவது ஆண்டில் அந்தப் பாட்டு யாருடையது? சிங்கப்பூரில் அதை விற்கக் கம்பெனிக்கு உரிமை உண்டா?