மார்கழித் தோட்டத்து விருந்தாளிகள்

மார்கழி பிறந்தால் எங்கள் சித்தூர் வட்டத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். முற்றமெல்லாம் சருகு குவியும். அதைத் தினமும் கூட்டிக் கொளுத்துவது என் வழக்கம். அது தவறு என்று எனக்குப் பாடம் சொன்னது ஒரு பறவை. அதை நம் சங்கக் குடும்பங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசிக் காலை, ஜன்னல் கண்ணாடியில் ஏதோ மோதியது. போய்ப் பார்த்தால் கீழே ஒரு சிறு பறவை. பச்சை முதுகு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, குட்டை வால். அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்தேன். ஒரு மணி நேரத்தில் தெளிந்து பறந்துவிட்டது. பக்கத்து வீட்டு மலையாள ஆசிரியர், "இது காவி" என்றார். என் மகன், "தமிழில் இதற்குப் பெயர் இல்லையா அப்பா?" என்றான். எனக்குத் தெரியவில்லை, வெட்கமாக இருந்தது.

பொங்கலுக்குத் திருநெல்வேலி போனபோது பெரியம்மாவிடம் அடையாளம் சொன்னேன். "அது ஆறுமணிக் குருவிடா!" என்றார். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் சீழ்க்கையடிப்பதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கோடையிலும் மழைக்காலத்திலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் இரவிரவாகப் பறந்து வரும். களைத்து வரும் இது சில சமயம் சுவரிலும் கண்ணாடியிலும் மோதிவிடுகிறது. இதன் உணவு சருகுக்கடியில் இருக்கும் புழு பூச்சிகள். நான் கொளுத்தியது அதன் சோற்றுப் பானையை!

மூணாறு, தேவிகுளம் பக்கம் இருப்பவர்கள், மார்கழி உறைபனியிலும் ஓடைக்கரையில் வாலை ஆட்டி நடக்கும் மஞ்சள் வயிற்றுச் சாம்பல் வாலாட்டியைப் பார்த்திருப்பீர்கள். கொடிக்கால் வாலாட்டி மரநிழலில் மேயும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். சீனா, கொரியா பக்கமிருந்து வரும் பறவைக்கு, வெற்றிலைக் கொடிக்காலின் பெயரை நம்மவர் சூட்டியிருக்கிறார்கள்!

பாலக்காடு காவசேரியில் பிறந்த பேராசிரியர் கே.கே. நீலகண்டன், 'இந்துசூடன்' என்ற பெயரில் 1958-ல் 'கேரளத்திலே பக்ஷிகள்' நூலை எழுதினார். மலையாளப் பிள்ளைகளுக்குத் தம் மொழியில் பறவையறிவு கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கு நம் வீட்டுப் பெரியவர்கள்தாம் நூல்.

நாம் செய்யக்கூடியவை:

1. தோட்டத்தின் ஒரு மூலையில் சருகை அப்படியே விடுங்கள். கொளுத்தாதீர்கள், பூச்சிமருந்தும் வேண்டாம்.

2. ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீர் வைத்து, தினமும் மாற்றுங்கள்.

3. பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு வெளிப்பக்கம் கயிறுகளை நெருக்கமாகத் தொங்கவிடுங்கள்.

4. தேன்சிட்டுக்குச் செம்பருத்தி நடுங்கள்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி: தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நீங்களும் அந்த நாட்களில் காலை 15 நிமிடம் தோட்டத்தில் அமைதியாக உட்கார்ந்து, கண்ட பறவைகளை எண்ணி எழுதுங்கள். ஒவ்வொன்றின் தமிழ்ப் பெயரையும் மலையாளப் பெயரையும் வீட்டில் கேட்டு அருகருகே குறியுங்கள்.

இப்போது எங்கள் வீட்டுச் சருகு மூலையில் ஐப்பசி முதல் பங்குனி வரை ஓர் ஆறுமணிக் குருவி மேய்கிறது. அந்திச் சீழ்க்கை கேட்டதும், "அப்பா, மணி ஆறு!" என்கிறான் மகன்.