கிரீஸ் பூசி வந்த பூனை

கேள்வி: எங்கள் பூனை பைக்குக்கு அடியில் படுத்து, முதுகெல்லாம் கிரீஸோடு வந்திருக்கிறது. தண்ணீரைக் கண்டாலே பிறாண்டுகிறது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கலாமா? கழுவும்போது கொஞ்சம் டெட்டால் சேர்க்கலாமா?
- வாசகி, மதுரை

பதில்: இரண்டும் வேண்டாம். பூனை தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி. முதுகில் நீங்கள் தடவுவது எதுவானாலும் சீக்கிரமே வயிற்றுக்குள் போய்விடும். டெட்டால், பினாயில் போன்றவற்றின் நஞ்சை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தும் கூடாது. அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பே வரலாம்.

பக்கெட்டை மறந்துவிடுங்கள். பூனை சாப்பிட்டுச் சோம்பலாகக் கிடக்கும் நேரம் பார்த்து, பழைய துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தலையும் அழுக்கான இடமும் மட்டும் வெளியே தெரிந்தால் போதும். கிரீஸ் மேல் இரண்டு சொட்டு சமையல் எண்ணெய் விட்டு விரலால் தேய்த்தால் பிசுக்கு இளகும். பருத்தித் துணியால் முடி படிந்திருக்கும் திசையிலேயே ஒற்றி எடுங்கள். பிறகு, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். அடுத்து வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் மூன்று நான்கு முறை. சோப்பு மிச்சம் இருக்கக் கூடாது. ஹேர் டிரையர் சத்தம் பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்காது, ஈரம் காய வெயில்படும் ஜன்னலோரம் போதும்.

அடங்க மறுத்தால் விட்டுவிட்டுச் சற்று நேரம் கழித்துப் பாருங்கள். ஆனால் கிரீஸை ஏற்கெனவே நிறைய நக்கியிருந்தாலோ, எச்சில் ஒழுகினாலோ, வாந்தி எடுத்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.