ஏழு விக்கெட் பெரிதா, பதினாறு ரன் பெரிதா?

கம்பெனி டீம்கள் மோதும் லீக்கில் இறுதியாட்டம்கூடச் சுமுகமாக முடிந்துவிடும். ‘சிறந்த பவுலர்’ கோப்பை யாருக்கு என்று வரும்போதுதான் வாய்த்தகராறு. ஆம்பூரோ வாணியம்பாடியோ பேரணாம்பட்டோ, நோட்டைப் புரட்டி விக்கெட்டை எண்ணுவதுதான் வழக்கம். சுலபமான வழி, ஆனால் பல நேரம் தப்பான ஆளிடம் கொண்டுபோய் விடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். டென்னிஸ் பந்து, எட்டு ஓவர் ஆட்டம், ஒருவருக்கு இரண்டு ஓவர். நாலு ஆட்டத்தில் ஸ்டிச்சிங் செக்ஷன்காரர் 8 ஓவர் போட்டு 60 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்திருக்கிறார். கட்டிங் செக்ஷன்காரர் அதே 8 ஓவரில் 72 ரன், 4 விக்கெட். விக்கெட், சராசரி, எகானமி எதைப் பார்த்தாலும் ஸ்டிச்சிங்தான் முன்னால் நிற்கிறார்.

இப்போது அந்த ஆட்டங்களைப் பாருங்கள். ஸ்டிச்சிங்காரர் ஆடிய நாலு ஆட்டத்திலும் இரண்டு அணியும் சேர்த்து ஓவருக்கு 7 ரன்தான் அடித்தார்கள். அவர் கொடுத்ததோ ஏழரை. கட்டிங்காரர் ஆடியது பவுண்டரி கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மைதானம். அங்கே ஓவருக்கு 11 ரன் பறந்தது, அவர் கொடுத்தது 9. ஆக, கட்டிங்காரர் மிச்சப்படுத்தியது 16 ரன், ஸ்டிச்சிங்காரர் கூடுதலாக விட்டது 4. விக்கெட்டுக்கு ஐந்து ரன் மதிப்புப் போட்டாலும் 36க்கு 31 என்று கட்டிங்காரரே ஜெயிக்கிறார். ஒரு விக்கெட் ஏழு ரன் பெறும் என்று வாதாடினால்தான் தராசு மறுபக்கம் சாயும். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சுற்றும் எட்டு ஓவர் ஆட்டத்தில் விக்கெட்டுக்கு அவ்வளவு விலை கிடையாது என்பது என் கட்சி.

டேனரியில் செலக்ஷன் பார்ப்பவர் ஆட்டுத்தோலையும் எருமைத்தோலையும் ஒரே அடுக்கில் போட்டுத் தரம் பிரிப்பாரா? பவுலருக்கும் அதே நியாயம்தான். டெஸ்ட் வரலாற்றில் 112 விக்கெட்டை 10.75 சராசரியில் எடுத்தவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் லோமன். அதில் 35 விக்கெட், அப்போது கத்துக்குட்டியாக இருந்த தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 1896-இல் மூன்றே டெஸ்ட்டில் வந்தவை. 20-க்குக் கீழ் சராசரியோடு முதன்முதலில் 200 விக்கெட்டைத் தொட்டவர் பும்ரா, 2024 டிசம்பரில். வெறும் எண்ணை வைத்து லோமனை மேலே தூக்கி வைக்க எனக்கு மனம் வராது.

அப்படியானால் ‘ஹேண்டிகேப்’ கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். பத்து முளைகளை உருட்டித் தள்ளும் பௌலிங் ஆட்டத்தில் அது பழக்கமான ஏற்பாடு. 220-ஐ அடிப்படையாக வைத்து, அதற்கும் ஆடுபவரின் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் 90 சதவீதத்தை இனாமாகத் தருகிறார்கள் என்று வையுங்கள். சராசரி 150 உள்ளவருக்கு 63 புள்ளி, 190 உள்ளவருக்கு 27. இருவரும் தத்தம் சராசரிப்படி ஆடினால் 213க்கு 217. கெட்டிக்காரருக்கு நூலிழை சாதகம். ஆனால் புதியவர் அன்றைக்கு இருபது புள்ளி கூட எடுத்தால் ஜெயித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் சுவைக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆரம்பத்தில் வேண்டுமென்றே சொதப்பி இனாமை ஏற்றிக்கொள்ளும் கில்லாடிகளும் உண்டு. அவர்கள்மேல் ஒரு கண் இருக்கட்டும்.

ஆனால் அந்த 213-ஐ வைத்து யார் பெரிய ஆட்டக்காரர் என்று தீர்மானிக்கக் கூடாது. அதற்கு இனாம் கழித்த சராசரியைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே கம்பெனி லீக்கில் இந்த ஹேண்டிகேப்பை ‘அதிகம் முன்னேறியவர்’ பரிசுக்கு வையுங்கள்: போன வருஷத்து எகானமியை அவரவர் எவ்வளவு குறைத்தார் என்று பார்த்தால் போதும். ‘சிறந்த பவுலர்’ கோப்பைக்கு ஆட்டத்தின் ரன் வேகத்தோடு ஒப்பிடுங்கள். குறைந்தது எட்டு ஓவர் போட்டவரை மட்டும் சேருங்கள். வெளியூர் டோர்னமென்ட்டுக்கு ஆள் எடுக்கும்போது இரண்டையும் ஓரம் வைத்துவிட்டு, கடைசி ஓவரில் கை நடுங்காமல் யார்க்கர் இறக்குகிறவரைக் கூட்டிப் போங்கள்.

ஸ்கோர் எழுதும் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். ஆட்டம் முடிந்ததும் பவுலர் கணக்குக்குப் பக்கத்தில் இரு அணிகளின் மொத்த ரன்னையும் ஆடிய ஓவரையும் ஒரு வரியில் எழுதிவை, அப்பா. அது இல்லாத நோட்டில் மேலே சொன்ன எந்தக் கணக்கும் போட முடியாது.