‘வா’வும் ‘ரா’வும்: கணினியோடு எழுத்தில் பேசுவோம்!



நம் ராஜபாளையத்தில் ஒரே தெருவில் தமிழும் கேட்கும், தெலுங்கும் கேட்கும். என் பெஞ்சுத் தோழி வீட்டுக்குப் போனால் அவள் அம்மா அவளை ‘ரா’ என்பார். என்னை ‘வா’ என்பார். இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான். ஆனால் ‘போ’ என்ற சொல் மட்டும் இரண்டு பாஷையிலும் ‘போ’தான். கணினிக்குள்ளும் இதே கதைதான். அது தெரியாமல் நான் ஒருநாள் பெரிய நஷ்டப்பட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பாடம்.

கட்டளை வரி என்றால் என்ன?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடைக்குப் போகிறோம். கண்ணாடிக்குள் இருப்பதைக் கை நீட்டி ‘அது ஒண்ணு’ என்று காட்டலாம். அது மவுஸால் சொடுக்குவது மாதிரி. ‘அண்ணே, அரைக் கிலோ வேணும், கால் கிலோ கால் கிலோவா ரெண்டு பொட்டலம் கட்டுங்க’ என்று வாய் திறந்தும் சொல்லலாம். அதுதான் கட்டளை வரி. என்ன வேண்டும், எப்படி வேண்டும் என்று ஒரே வரியில் எழுத்தால் சொல்லி, என்டர் தட்ட வேண்டும்.

விண்டோஸில் விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் ‘சிஎம்டி’ என்று அடித்தால் கறுப்புத் திரை வரும். லினக்ஸிலும் ஆப்பிள் மேக்கிலும் ‘டெர்மினல்’ என்பதைத் திறக்க வேண்டும்.

ஏன் இரண்டு பாஷை?

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். அதன் கட்டளைகள் பல, இரண்டே எழுத்துதான். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தன் 21 வயதில், யூனிக்ஸ் போலவே லினக்ஸை எழுதி எல்லோருக்கும் கொடுத்தார். 2001-இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸும் யூனிக்ஸ் வழிதான். அதனால் லினக்ஸும் மேக்கும் அக்கா தங்கை மாதிரி.

விண்டோஸ் வேறு வீடு. 1981-இல் மைக்ரோசாப்ட் கொடுத்த எம்எஸ்-டாஸ் கட்டளைகளைத்தான் அதன் கறுப்புத் திரை இன்னும் பேசுகிறது.

நம் நாட்டிலும் ஒரு லினக்ஸ் உண்டு. அதன் பெயர் பாஸ். சென்னையில் உள்ள மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்டது. தமிழக அரசு மாணவர்களுக்கு 2011 முதல் கொடுத்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ், பாஸ் இரண்டும் இருந்தன. என் அக்கா பிளஸ் டூவில் வாங்கியதிலும் இரண்டும் உண்டு.

கட்டளைப் பட்டியல்

(நம் இதழ் தமிழ் இதழ் என்பதால் ஆங்கில எழுத்துகளின் உச்சரிப்பை எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்கவும்.)

1. என்னென்ன இருக்கிறது என்று காட்ட: விண்டோஸில் டிஐஆர், லினக்ஸில் எல்எஸ்
2. வேறு கோப்புறைக்குப் போக: இரண்டிலும் சிடி (இதுதான் நம்ம ‘போ’!)
3. புதுக் கோப்புறை உண்டாக்க: இரண்டிலும் எம்கேடிஐஆர்
4. நகல் எடுக்க: விண்டோஸில் சிஓபிஒய், லினக்ஸில் சிபி
5. இடம் மாற்ற: விண்டோஸில் எம்ஓவிஇ, லினக்ஸில் எம்வி
6. அழிக்க: விண்டோஸில் டிஇஎல், லினக்ஸில் ஆர்எம்
7. நிற்கும் இடம் அறிய: விண்டோஸில் வெறும் சிடி, லினக்ஸில் பிடபிள்யூடி

பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறி (*) போட்டால் ‘எல்லாம்’ என்று அர்த்தம். ஆண்டு விழாப் படங்கள் 300 இருந்தாலும் ஒரே வரியில் நகல் எடுத்துவிடலாம். இதுதான் கட்டளை வரியின் பலம். ஆபத்தும் இதில்தான்.

நான் பட்ட பாடு

எங்கள் ஆச்சி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார். அவர் சொன்ன 31 விடுகதைகளை லீவு நாட்களில் கேட்டுக் கேட்டு, விடுகதைக்கு ஒரு கோப்பாக அக்காவின் மடிக்கணினியில் டைப் செய்து வைத்தேன். அந்தக் கோப்புறைக்கு உள்ளேயே ‘ஓல்டு’ என்று இன்னொரு கோப்புறை. அதில் தப்பும் தவறுமாக அடித்த பழைய கோப்புகள். அதை மட்டும் காலி செய்ய நினைத்தேன்.

அன்று திறந்திருந்தது பாஸ். சிடி போட்டு ‘ஓல்டு’ என்று சிறிய எழுத்தில் அடித்தேன். ஆனால் நான் பெயர் வைத்தபோது முதல் எழுத்து பெரிய எழுத்து. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான். லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு. ‘அப்படி ஒரு கோப்புறை இல்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. நான் அதை வாசிக்கவே இல்லை. உள்ளே போய்விட்டதாக நினைத்து, ஆர்எம் போட்டு நட்சத்திரக் குறி போட்டு என்டர் தட்டினேன்.

விண்டோஸில் இப்படி எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னால் ‘நிச்சயமா?’ என்று ஒரு கேள்வி வரும். இங்கே எதுவும் கேட்கவில்லை. 31 விடுகதையும் போச்சு. ஆர்எம் கோப்புகளைத்தான் அழிக்கும், கோப்புறையை விட்டுவிடும். அதனால் அழிய வேண்டிய ‘ஓல்டு’ மட்டும் பத்திரமாக இருந்தது!

“என்னக்கா, கேக்கவே இல்ல!” என்று அழுதேன்.

“அது கேக்காதுடி. தெரிஞ்சுதான் சொல்றேன்னு உன்னை நம்பும். நீதான் பாத்து சொல்லணும்” என்றாள் அக்கா.

குப்பைத்தொட்டியில் தேடினோம். அதிலும் இல்லை. கட்டளை வரியில் அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது. விண்டோஸிலும் அப்படித்தான்.

அக்கா சொன்ன மூன்று விதி

1. அழிக்கும் முன் எங்கே நிற்கிறோம் என்று பார். (பிடபிள்யூடி அல்லது சிடி)
2. அங்கே என்ன இருக்கிறது என்று பார். (எல்எஸ் அல்லது டிஐஆர்)
3. கேட்டுக் கேட்டு அழிக்கச் சொல். லினக்ஸில் ஆர்எம் அடித்து, இடம் விட்டு, சிறு கோடு, ஐ. விண்டோஸில் டிஇஎல் அடித்து, இடம் விட்டு, சாய்கோடு (/), பி. பிறகு கோப்பின் பெயர். இப்படிச் சொன்னால் ஒவ்வொரு கோப்புக்கும் ‘அழிக்கவா?’ என்று கேட்கும்.

நான் நாலாவது விதி ஒன்று சேர்த்துக்கொண்டேன்: கணினி சொல்கிற பதிலை வாசி. கட்டளை போடுபவள் நான்தான், ஆனாலும் அது சொல்வதை நான் காதில் வாங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆச்சியிடம் மறுபடியும் கேட்டேன். யோசித்து யோசித்து 26 சொன்னார். இந்தத் தடவை நோட்டிலும் எழுதிவிட்டேன். மீதி 5 ஆச்சிக்கே ஞாபகம் வரவில்லை. அதில் ஒன்றுக்கு விடை ‘திருகை’ என்று மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. கேள்வி போய்விட்டது. உங்கள் வீட்டு ஆச்சிக்குத் தெரிந்தால் கேட்டு வந்து சொல்லுங்களேன்.

– 9-ஆம் வகுப்பு மாணவி